கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ்: அளவைத் தீர்மானிப்பது எப்படி?

கண் நலம் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், லேசர் மூலம் பார்வையைத் திருத்தும் லேசிக் சிகிச்சை யாருக்கெல்லாம் ஒத்துவராது என்று எழுதியிருந்தோம். அதைப் படித்தவர்களிடமிருந்து, கண்ணாடிக்கு மாற்றாகக் கண்ணுக்குள்ளேயே பொருத்தப்படும் ஐ.சி.எல். லென்ஸ் பற்றி ஏராளமான கடிதங்கள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை கேரள, ஆந்திர எல்லைப் பகுதிகளிலிருந்து வந்தவை. லென்ஸின் அளவைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு வயது 23. இரண்டு கண்களிலும் மைனஸ் 9 பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேண்டியிருக்கும் கூடுதல் பவர்) கிடையாது. கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலமான கார்னியா மெலிதாக இருப்பதால் லேசிக் வேண்டாம், ஐ.சி.எல். வைக்கலாம் என்றார்கள். பாலக்காட்டில் எடுத்த ரிப்போர்ட்டில் வலது கண் 11.4 என்றும், கோயம்புத்தூரில் எடுத்ததில் அதே கண் 11.7 என்றும் இருக்கிறது. முன் அறையின் (கார்னியாவுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடம்) ஆழம் இரண்டிலும் 3.1தான். ஒரு இடத்தில் 12.6 லென்ஸ் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 13.2 என்கிறார்கள். ஒரே கண்ணுக்கு இரண்டு அளவு எப்படி வரும்? பெரிய லென்ஸாக வைத்துவிட்டால் பவர் மிச்சமில்லாமல் போய்விடும் என்று எங்கள் உறவினர் ஒருவர் சொல்கிறார், அது சரியா, டாக்டர்?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: உறவினர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். லென்ஸின் பவர் வேறு, அளவு வேறு. கண்ணாடியின் பவர், கார்னியாவின் வளைவு, முன் அறையின் ஆழம் ஆகியவற்றைக் கொண்டு பவரைக் கணக்கிடுகிறார்கள். அளவு என்பது லென்ஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பது மட்டுமே. உங்கள் மகளுக்குத் தேவையான பவரை 12.6 லென்ஸிலும் வாங்கலாம், 13.2 லென்ஸிலும் வாங்கலாம். பெரிதாக வைத்தால் பார்வை கூடும் என்பதற்கு இதில் இடமே இல்லை.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு, அந்த லென்ஸ் எங்கே உட்காருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணின் கறுப்பு அல்லது பழுப்பு நிறத்துக்குக் காரணமான ஐரிஸ் திரைக்குப் பின்னாலும், நம்முடைய இயற்கை லென்ஸுக்கு முன்னாலும் மிகக் குறுகலான ஓர் இடம் இருக்கிறது. ஐ.சி.எல். அங்கேதான் செல்கிறது. ஐரிஸின் வேர்ப் பகுதிக்குப் பின்னால் வட்டமாக ஓடும் சிறு பள்ளம் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை சல்கஸ் என்பார்கள். லென்ஸின் ஓரங்கள் அந்தப் பள்ளத்தில் ஊன்றிக்கொள்ள, நடுப்பகுதி முன்னோக்கி வளைந்து இயற்கை லென்ஸைத் தொடாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிக்கு வால்ட் என்று பெயர். அறுவை முடிந்த பிறகு இந்த வால்ட் 250 முதல் 750 மைக்ரான் வரை, அதாவது கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 1000 வரை ஏற்றுக்கொள்ளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். லென்ஸ் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் அது ஐரிஸை முன்னே தள்ளி, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணத்தை இடுக்கி, கண் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். குட்டையாக இருந்தால் இயற்கை லென்ஸை ஒட்டி நின்று, அதன் முன்பக்கத்தில் கண்புரை உண்டாக வழி செய்யக்கூடும்.

இனி உங்கள் இரண்டு எண்களுக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் டபிள்யூ.டி.டபிள்யூ. என்று அச்சிட்டிருப்பார்கள். ஒயிட் டு ஒயிட் என்பதன் சுருக்கம் அது. கார்னியாவின் இடது ஓரத்து வெள்ளையிலிருந்து வலது ஓரத்து வெள்ளை வரை உள்ள குறுக்களவு. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், உங்கள் மகளின் கண்ணை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் சிக்கல் புரிந்துவிடும். கருமை ஓரிடத்தில் சட்டென்று நின்று வெண்மை தொடங்குவதில்லை; சாம்பல் நிறமாக மங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையில் கலக்கிறது. ஓரம் எங்கே முடிகிறது என்பதை ஒவ்வொரு கருவியும் தன் மென்பொருளின் கணக்குப்படி முடிவு செய்துகொள்கிறது. பல ஆண்டுகள் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கு ஓரத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் படர்ந்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். எனவே இரண்டு வெவ்வேறு கருவிகளுக்கு நடுவில் 0.3 மில்லிமீட்டர் வேறுபாடு வந்திருப்பதை வைத்து, யாரோ ஒருவர் கவனமில்லாமல் அளந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்த 0.3தான் உங்களை இரண்டு லென்ஸ்களுக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டார் நிறுவனம் தயாரிக்கும் ஐ.சி.எல். லென்ஸ்கள் 12.1, 12.6, 13.2, 13.7 என்று நான்கு அளவுகளில் மட்டுமே வருகின்றன. ரெடிமேட் சட்டை வாங்குவதைப் போலத்தான்: 12.9 கச்சிதமாகப் பொருந்தக்கூடிய கண்ணுக்கும் இந்த நான்கில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் அட்டவணைப்படி 11.2 முதல் 11.4 வரை 12.6 லென்ஸ், 11.7 என்றால் 13.2 லென்ஸ், நடுவில் உள்ள 11.5, 11.6 ஆகிய இரண்டுக்கும் முன் அறையின் ஆழம் 3.5-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆக, இரு மருத்துவமனைகளும் அட்டவணையைச் சரியாகத்தான் வாசித்திருக்கின்றன. உள்ளே போன எண் வேறாக இருந்ததால், வெளியே வந்த விடையும் வேறாகிவிட்டது.

இதைவிட ஆழமான பிரச்சினை ஒன்று உண்டு. லென்ஸ் ஊன்றுவது உள்ளே இருக்கும் சல்கஸ் பள்ளத்தில். நாம் அளப்பதோ வெளியே தெரியும் வெள்ளை ஓரத்தை. இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கி நடப்பதில்லை. வெளியளவு ஒன்றாகவே உள்ள இரண்டு பேருக்கு உள்ளே அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கக்கூடும். உள்ளே இருப்பதை நேரடியாக அளக்க வேண்டுமானால் யு.பி.எம். என்ற ஸ்கேன் தேவை. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் மேல் நீர் நிரப்பிய சிறு கிண்ணத்தைப் பொருத்தி, ஒலி அலைகளால் படமெடுப்பார்கள். ஐரிஸின் நிறமியைத் தாண்டி ஒளி செல்லாது, ஒலி செல்லும். அதனால்தான் பின்னால் மறைந்திருக்கும் சல்கஸ் அதில் தெரிகிறது. எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து எண் சற்று மாறும் என்பது அதன் குறை. கண்ணைத் தொடாமலே எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் சல்கஸ் தெரியாது. ஆனால் இரு பக்கக் கோணங்களுக்கும் நடுவில் உள்ள அகலத்தையும், அந்தக் கோணங்களை இணைக்கும் கோட்டைத் தாண்டி இயற்கை லென்ஸ் எவ்வளவு முன்னால் பிதுங்கியிருக்கிறது என்பதையும் துல்லியமாக அளக்கலாம். இந்த எண்களைக் கொண்டு வால்ட் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணிக்க ஜப்பானிய மருத்துவர்கள் நாகமுராவும் கோஜிமாவும் உருவாக்கிய என்.கே. சூத்திரம் இப்போது பல இடங்களில் பயன்படுகிறது.

ஆகவே யாரை நம்புவது என்ற கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, மூன்றாவதாக ஓர் அளவை, வேறு முறையில் எடுக்கச் சொல்லுங்கள். யு.பி.எம். அல்லது முன்பகுதி ஓ.சி.டி. இரண்டில் ஒன்றாவது வேண்டும். இரண்டும் கிடைத்தால் மிக நல்லது. அதன்பின் அறுவை செய்யப்போகும் மருத்துவரிடம், "12.6 வைத்தால் வால்ட் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், 13.2 வைத்தால் எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். ஓர் அளவு கூடினால் வால்ட் சுமாராக 300 முதல் 500 மைக்ரான் வரை கூடும் என்பதால், எந்தப் பக்கம் ஆபத்து என்பது அந்த இரண்டு விடைகளிலேயே தெரிந்துவிடும். எல்லா அளவுகளும் எடுத்த பிறகும் முடிவு இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது என்றால், 3.1 ஆழமும், சிலிண்டர் இல்லாத பவரும் உள்ள உங்கள் மகளைப் போன்ற கண்ணுக்கு நான் சிறிய அளவின் பக்கமே சாய்வேன். இப்போது வரும் லென்ஸ்களின் நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளை இருப்பதால் வால்ட் கொஞ்சம் குறைந்தாலும் நீரோட்டம் தடைபடுவதில்லை. இடவசதி குறைந்த முன் அறையில் வால்ட் மிகுந்துபோவதைச் சமாளிப்பது அதைவிடக் கடினம். இது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள, அனுபவம் மிக்க மருத்துவர்களும் உண்டு.

கேள்வி: என் அப்பாவுக்குத் திருப்பதியில் கண்புரை ஆபரேஷன் செய்தபோது பவர் மட்டும்தான் பார்த்தார்கள்; லென்ஸ் அளவு பற்றி ஒரு பேச்சும் இல்லை. என் மகனுக்கு ஐ.சி.எல். என்றதும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கிறார்கள். இது பணம் பிடுங்கும் வேலை இல்லையா?
– விசைத்தறி உரிமையாளர், நகரி

பதில்: இல்லை. கண்புரை அறுவையில் கலங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த உறைக்குள்ளேயே புதிய லென்ஸை வைக்கிறார்கள். அந்த உறை அதைப் பிடித்துக்கொள்ளும். லென்ஸின் வளையும் கைகள் உறைக்குத் தக்கபடி மடங்கிக்கொடுக்கும். அதனால் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே நீளம் போதுமானது. உங்கள் மகனுக்கோ இயற்கை லென்ஸ் நல்ல நிலையில் உள்ளேயே இருக்கிறது, அதைத் தொடவே கூடாது. சோவியத் ஒன்றியத்தின் மருத்துவர் ஃபியோதரோவ் 1986-இல் இந்த இடத்தில் லென்ஸ் பொருத்தத் தொடங்கியபோது வந்த பெரிய தலைவலியே பின்னால் தோன்றிய கண்புரைதான். அளவெடுப்பதில் இன்று காட்டப்படும் கெடுபிடிக்கு அந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம். ஸ்கேனுக்காகும் செலவு, லென்ஸை எடுத்து மாற்றும் இரண்டாவது அறுவையின் செலவோடு ஒப்பிடும் அளவுக்குக்கூட வராது.

கேள்வி: வயது 31. ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் இரண்டு கண்களிலும் ஐ.சி.எல். வைத்துக்கொண்டேன், சிலிண்டர் இல்லாத சாதாரண லென்ஸ், இரண்டும் 13.2. பார்வை அருமையாக இருக்கிறது. விளக்கடியில் காய் தரம் பிரிக்கும்போதுகூட எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் போன வாரப் பரிசோதனையில் வலது கண் வால்ட் 1120, இடது கண் 640 என்று எழுதி, வலது கண் லென்ஸை மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். நன்றாகத் தெரியும் கண்ணில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டுமா? இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு வைத்தும் இப்படி வந்ததென்றால், அளவு எடுத்தவர் தவறு செய்துவிட்டாரா?
– வாசகர், குமுளி

பதில்: 1120 என்ற எண் கூடுதல்தான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்துக் கண்ணைத் திறந்துவிடக் கூடாது. எண்ணோடு சேர்த்து மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது கண் அழுத்தம்: காலையிலும் மாலையிலும் அளந்து, இடது கண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது, நீர் வடியும் கோணம் திறந்திருக்கிறதா என்பது. கோனியோஸ்கோப் எனப்படும் கண்ணாடிப் பட்டகத்தைக் கண்ணில் வைத்துப் பார்த்தாலோ, ஓ.சி.டி. ஸ்கேனில் பார்த்தாலோ அது தெரிந்துவிடும். அந்தக் கோணத்தில் பழுப்பு நிறமி படிந்திருக்கிறதா என்பதையும் பட்டகத்தில் பார்க்கும்போதே கவனிக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் ஐரிஸின் பின்புறத்தில் உராய்கிறது என்பதற்கு அது அடையாளம். மூன்றாவது, கார்னியாவின் உட்புறத்தில் இருக்கும் எண்டோதீலியம் செல்களின் எண்ணிக்கை. இந்த செல்கள் போனால் திரும்ப வளர்வதில்லை; உங்கள் வயதில் சதுர மில்லிமீட்டருக்கு 2500 முதல் 3000 வரை இருப்பது வழக்கம். அறுவைக்கு முன் எடுத்த எண்ணிக்கை கோப்பில் இருக்கும், அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், மாற்றாமல் நெருக்கமாகக் கண்காணித்து வருவதில் தவறில்லை. வயது ஏற ஏற இயற்கை லென்ஸ் பருமனாகி முன்னோக்கி வரும், அதனால் வால்ட் மெல்லக் குறையும். மூன்றில் ஏதேனும் ஒன்று கெடத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். அப்போதும் லென்ஸை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலானவர்களுக்கு சல்கஸ் முழு வட்டமாக இருப்பதில்லை. மேலிருந்து கீழாக உள்ள அளவு, பக்கவாட்டு அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வழக்கமாக லென்ஸைப் படுக்கைவாட்டத்தில் வைக்கிறார்கள். அதையே செங்குத்தாகத் திருப்பி வைத்தால், அகன்ற இடத்தில் ஊன்றிக்கொண்டு வால்ட் இறங்கிவிடும். உங்களுடையது சிலிண்டர் இல்லாத லென்ஸ் என்பதால் எந்தத் திசையில் திருப்பினாலும் பார்வை மாறாது. பழைய லென்ஸையே வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் முடியும் வேலை இது. எவ்வளவு இறங்கும் என்பதை உங்கள் சல்கஸின் இரண்டு வாட்டங்களையும் யு.பி.எம்.-மில் அளந்து பார்த்தால் முன்கூட்டியே ஊகிக்கலாம். அது போதாது என்றால் மட்டும் 12.6 லென்ஸுக்கு மாறலாம். அதையும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியாகவே செய்துவிடுவார்கள்.

அளவெடுத்தவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இடது கண் 640 வந்திருக்கிறது. அதே முறையில், அதே கருவியில் எடுத்தும் வலது கண்ணில் கணிப்பு பிசகியிருக்கிறது. ஒருவருக்கே இரண்டு கண்களின் சல்கஸும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் கடிதத்தில் யு.பி.எம். எடுத்ததாகக் குறிப்பில்லை. வெள்ளை ஓரத்தை மட்டும் அளந்து இரண்டுக்கும் 13.2 என்று முடிவு செய்திருந்தால், இப்படி நேர இடமுண்டு. அதைத் தவறு என்பதைவிட, குறைந்த தகவலோடு எடுத்த முடிவு என்பேன். அந்தக் கண்ணில் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம், ஒரு பக்கத் தலைவலியோடு குமட்டல் ஆகியவற்றில் எது வந்தாலும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் அன்றே மலையிறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போய் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது, ஆசிரியை. மைனஸ் 12. ஒரு மருத்துவமனையில் முன் அறை ஆழம் 3.25 இருக்கிறது, ஐ.சி.எல். வைக்கலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் 2.72தான் இருக்கிறது, வைக்கவே கூடாது என்கிறார்கள். எது உண்மை?
– செங்கோட்டை

பதில்: பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும். சில கருவிகள் கார்னியாவின் வெளிப்பரப்பிலிருந்து ஆழத்தை அளக்கின்றன, சில, உட்பரப்பிலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கார்னியாவின் தடிமன். உங்கள் எண்கள் இரண்டையும் கழித்தால் 0.53 வருகிறது, அதாவது 530 மைக்ரான். உங்கள் ரிப்போர்ட்டில் கார்னியாவின் தடிமன் என்ன என்று பாருங்கள். அதே எண்ணை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐ.சி.எல். கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது உட்பரப்பிலிருந்து அளந்த ஆழம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு 3.0 என்று வரம்பு வைத்திருக்கிறது, ஐரோப்பாவில் 2.8 வரை ஏற்கிறார்கள். 2.72 எந்த வரம்புக்குள்ளும் வராது. சிறிய அளவு லென்ஸ் வைத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவைக் குறைத்து ஆழத்தை உண்டாக்க முடியாது. உங்கள் வயதில் வெள்ளெழுத்தும் வரப்போகிறது என்பதால், கான்டாக்ட் லென்ஸோ கண்ணாடியோ போட்டுக்கொண்டு இன்னும் சில ஆண்டுகளை ஓட்டுவதுதான் நான் சொல்லக்கூடியது.

கேள்வி: ஐ.சி.எல். லென்ஸில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? அப்படியென்றால் இந்தியாவில் தயாராகும் லென்ஸை வைத்துக்கொள்ளலாமா? அதில் அளவு கச்சிதமாகக் கிடைக்கும் என்றும் சொல்கிறார்களே?
– புதுநகரம், பாலக்காடு மாவட்டம்

பதில்: உண்மைதான். அந்த லென்ஸ் கொலாமர் என்ற பொருளால் ஆனது. அதில் பன்றியிலிருந்து பெறப்பட்ட கொலாஜன் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மார்க்கத்தின்படி அது ஏற்புடையதா என்பதை நீங்கள் மதிக்கும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. மருத்துவனாக நான் சொல்லக்கூடியது, கொலாஜன் இல்லாத மாற்று இருக்கிறது என்பது மட்டுமே. குஜராத்தில் தயாராகும் ஐ.பி.சி.எல். லென்ஸ் ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. விலையும் குறைவு. அளவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதும் சரியே. நான்கு அளவுகளுக்குள் அடங்காமல் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் பல அளவுகளில் வருவதால், நடுவில் மாட்டிக்கொள்ளும் கண்களுக்கு அது வசதி. அந்த வசதி முழுமையாகப் பலன் தர வேண்டுமானால், அளவெடுப்பதும் அதற்கு ஈடான துல்லியத்தோடு இருக்க வேண்டும், 0.3 மில்லிமீட்டர் தடுமாறும் அளவை வைத்துக்கொண்டு கால் மில்லிமீட்டர் நுணுக்கம் தேடுவதில் பொருளில்லை. இன்னொன்று: இரண்டு லென்ஸ்களின் பொருளும் வடிவமும் வேறு வேறு. ஒன்றுக்கான அட்டவணையையோ சூத்திரத்தையோ மற்றதற்கு அப்படியே பயன்படுத்த முடியாது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் லென்ஸைத் தொடர்ந்து பொருத்திவரும் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். எனக்கு ஐ.சி.எல். வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வால்ட் 310 இருந்தது, இப்போது 190 என்கிறார்கள். இப்படியே குறைந்துகொண்டே போய்க் கண்புரை வந்துவிடுமா? சின்ன லென்ஸ் வைத்துவிட்டார்களா?
– குப்பம், சித்தூர் மாவட்டம்

பதில்: முதலில், இரண்டு அளவுகளும் ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவையா என்று கேளுங்கள். வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கி, ஐரிஸ் லென்ஸைப் பின்னோக்கி அழுத்தும். அதனால் வால்ட் குறைவாகத் தெரியும். இருட்டறையில் ஒரு முறையும் விளக்கொளியில் ஒரு முறையும் எடுத்திருந்தால், 120 மைக்ரான் வித்தியாசத்தில் ஒரு பகுதி அதனாலேயே வந்திருக்கலாம். அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் லென்ஸ் இருப்பிடத்தில் படிந்துகொள்ளும்போது கொஞ்சம் இறங்குவதும் இயல்பு. இயற்கை லென்ஸ் ஆண்டுக்குச் சுமார் 20 மைக்ரான் பருமனாவது மீதியை விளக்கும்.

லென்ஸ் உங்கள் கண்ணுக்குச் சற்றுச் சிறியது என்று சொல்ல இடமிருக்கிறது. அதற்காக இப்போதே மாற்ற வேண்டும் என்பதில்லை. முன்காலத்து லென்ஸ்களில் நடுத்துளை கிடையாது. அறுவைக்கு முன் லேசர் மூலம் ஐரிஸின் ஓரத்தில் துளை போடுவார்கள். நீர் அந்தத் துளை வழியாகச் சுற்றிப் போனதே தவிர, இயற்கை லென்ஸின் நடுப்பகுதியைச் சரியாக நனைக்கவில்லை. குறைந்த வால்ட் உள்ளவர்களுக்குக் கண்புரை வந்த செய்திகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தவை. நடுத்துளை உள்ள லென்ஸ்களில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரித்துப் பார்த்து, இயற்கை லென்ஸின் முன்பக்கத்தில் ஏதேனும் கலங்கல் தென்படுகிறதா என்று கவனித்தால் போதும். 100-க்குக் கீழே இறங்கினாலோ, கலங்கல் தென்பட்டாலோ மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். உங்களுடையது சிலிண்டரையும் திருத்தும் டோரிக் லென்ஸ் என்றால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. குட்டையான லென்ஸ் சுழன்றுகொள்ள வாய்ப்புண்டு, ஒரு டிகிரி சுழன்றால் சிலிண்டர் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 சதவீதம் போய்விடும். 30 டிகிரி சுழன்றால் அந்தத் திருத்தம் முழுவதுமே வீண். பார்வை திடீரென்று நிழலடித்தால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். ஐ.சி.எல். வைத்த பிறகு இரவில் எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறது. பெரிய அளவு லென்ஸ் கேட்டு வாங்கியிருந்தால் இது வந்திருக்காதா?
– வாளையார்

பதில்: முன்னே சொன்ன 12.6, 13.2 எல்லாம் லென்ஸின் முழு நீளம். வளையத்தோடு தொடர்புடையது அதன் நடுவில் பார்வைக்காக அமைந்த வட்டப் பகுதி. அது ஏறத்தாழ 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கும், பவர் கூடக் கூடச் சிறுக்கும். இருட்டில் உங்கள் கண்மணி அதைவிட விரிந்தால் ஓரத்திலிருந்து ஒளி சிதறும். நடுத்துளையும் மெல்லிய வளையத்தை உண்டாக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பழகிவிடும். அதுவரை இரவு லோடு எடுக்காதீர்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் அலுவலக வேலை. எட்டு ஆண்டுகளாகக் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். ஐ.சி.எல். வைத்துக்கொள்ள மதுரைக்கு வர நினைக்கிறேன். அடிக்கடி விடுப்புக் கிடைக்காது; ஒரே பயணத்தில் அளவெடுத்து, ஆபரேஷனும் முடித்து அன்றே வண்டிப்பெரியாருக்குத் திரும்பிவிட முடியுமா?
– வண்டிப்பெரியார்

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் என்றால் அளவெடுப்பதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் முன்பே கழற்றிவிட வேண்டும், கடினமான வகை என்றால் மூன்று நான்கு வாரங்கள். அது கார்னியாவின் வளைவை மாற்றி வைத்திருக்கும் என்பதால் பவர் கணக்கு பிசகிவிடும். அளவு முடிவானபின் உங்கள் பவருக்கும் நீளத்துக்கும் உரிய லென்ஸை வரவழைக்கச் சில நாள்களோ வாரங்களோ ஆகலாம். டோரிக் என்றால் இன்னும் கூடுதலாக. எனவே குறைந்தது இரண்டு பயணங்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் கார்னியா மேப்பிங், முன் அறை ஆழம், வெள்ளை ஓர அளவு, யு.பி.எம். அல்லது ஓ.சி.டி., எண்டோதீலியம் செல் எண்ணிக்கை, இருட்டில் கண்மணியின் விட்டம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். எல்லா அச்சுப் பிரதிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு ஊரில் காட்ட நேர்ந்தால், அறுவைக்கு முந்தைய எண்கள் இல்லாமல் எந்த மருத்துவராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இரண்டாவது பயணத்தில் அறுவை நாளன்று இரவு மதுரையிலேயே தங்குங்கள். அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் ஜெல் போன்ற மருந்து சிறிதளவு உள்ளே தங்கிவிட்டால், முதல் சில மணி நேரத்துக்குள் அழுத்தம் எகிறக்கூடும். அதனால்தான் அன்றே ஒரு முறையும் மறுநாள் காலை ஒரு முறையும் பார்க்கிறார்கள். மலைப்பாதையில் இரவு பஸ்ஸில் கண் வலியோடு குமட்டினால், அது வளைவுகளால் வந்ததா அழுத்தத்தால் வந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. மறுநாள் பரிசோதனையிலேயே வால்டையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஒரு முறையும், ஒரு மாதத்தில் ஒரு முறையும் அதையே திரும்ப அளக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் மதுரை வரை வர முடியாவிட்டால், ஓ.சி.டி. வசதியுள்ள, உங்களுக்கு அருகிலிருக்கும் வேறு கண் மருத்துவமனையில் பார்த்து, எண்ணையும் படத்தையும் அறுவை செய்த மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாலும் போதும்.